விமானிகள் சண்டை: ஆதாயம் யாருக்கு?

(திருச்சி வட்டாரத் தொழிற்சங்க ஊழியர்களுக்காக ஸ்ரீரங்கத்தில் நடந்த வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

விமானக் கம்பெனிகளின் இணைப்பைப் பற்றியும், அதனால் விமானிகளுக்குள் மூண்ட சண்டையைப் பற்றியும் இன்று பேசப் போகிறோம் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். “இங்கே பொன்மலைப் பட்டறைத் தொழிலாளி இருக்கிறார். பெல் ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறார். பாங்கு ஊழியர் இருக்கிறார். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிற விமானியின் சண்டை நமக்கு எதற்கு?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுவோம்.

விமானி எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அவர் ஓட்டுகிற விமானம் அவருடையதல்ல. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நாளுக்கு என்று தீர்மானிப்பவர் அவரல்ல. உழைப்பை விற்றுத்தான் அவரும் பிழைக்கிறார். சம்பளம் அதிகம் என்ற ஒரே காரணத்தால் விமானி தொழிலாளி அல்லாதவர் ஆகிவிட மாட்டார், தொழில் தகராறுச் சட்டப்படி அவரும் தொழிலாளியே என்று டில்லி உயர்நீதிமன்றம் 2025-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ‘நான் பெரியவன், நீ சின்னவன்’ என்ற நோய் நம் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறது. ஆனால் பழகிப்போனதால் நம் கண்ணில் படுவதில்லை. விமானிகளிடம் அது முற்றிய நிலையில் வெளிப்பட்டது. முற்றிய நோயைப் பார்த்தால்தான் ஆரம்ப நோயின் அடையாளம் தெரியும்.

எட்டு ஒன்றானது, இரண்டு ஒன்றாகவில்லை

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். 1932-ல் டாட்டா கம்பெனி கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் விமானம் விட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, நஷ்டத்திலும் போட்டியிலும் தத்தளித்துக்கொண்டிருந்த விமானக் கம்பெனிகளை 1953-ல் சர்க்கார் தேசவுடைமை ஆக்கியது. டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா ஏர்லைன்ஸ் முதலான எட்டு கம்பெனிகளின் உள்நாட்டுப் போக்குவரத்தைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. அந்நாளில் அதனிடம் இருந்தவை பெரும்பாலும் டக்கோட்டா விமானங்கள். வெளிநாட்டுப் போக்குவரத்துக்கு ஏர் இந்தியா. இப்படி ஐம்பது வருஷங்களுக்கு மேல் இரண்டும் தனித்தனி ஸ்தாபனங்களாக நடந்தன.

2007 மார்ச்சில் மத்திய மந்திரி சபை இரண்டையும் இணைக்க முடிவு செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 27-ல் இணைப்பு அமலுக்கு வந்தது. ‘செலவு குறையும், வருமானம் கூடும்’ என்று சொல்லப்பட்டது. ஆனால் இணைப்புக்கு முன்பே இரண்டு கம்பெனிகளுக்குமாக 111 புது விமானங்கள் வாங்க ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. பெரும்பாலும் கடன் பணம். இணைப்பதென்றால் விமானம் வாங்குவதற்கு முன்பே இணைத்திருக்க வேண்டும், இது காலந்தவறிய காரியம் என்று மத்திய கணக்குத் தணிக்கை அதிகாரியே 2011-ல் பார்லிமெண்டில் வைத்த அறிக்கையில் குறை சொன்னார்.

சரி, என்னதான் இணைந்தது? பெயர்ப் பலகை இணைந்தது. விமானத்தின் வாலில் இருந்த சின்னம் மாறியது. சம்பள விகிதம் இணையவில்லை. பதவி உயர்வு விதிகள் இணையவில்லை. பணிமூப்புப் பட்டியல் இணையவில்லை. ஒரே முதலாளியிடம் ஒரே வேலைக்கு இரண்டு விதமான சம்பளம் தொடர்ந்தது. வெளிநாட்டுப் பிரிவு விமானிக்குப் பறப்புப் படி மாதத்துக்கு இத்தனை மணி என்று நிச்சயமாகக் கிடைத்தது. உள்நாட்டுப் பிரிவு விமானிக்கோ பறந்த மணிக்குத் தக்கபடிதான். தகராறு பிறந்த இடம் இதுவே. விமானிகளின் சுபாவத்தை நிந்திப்பதற்கு முன்பு இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அகல உடலும் ஒல்லி உடலும்

இனி அவர்களுடைய மனப்பான்மைக்கு வருவோம்.

பெரிய விமானத்துக்குள் நடைபாதை இரண்டு இருக்கும். அதை அகல உடல் விமானம் என்பார்கள். சின்ன விமானத்தில் நடைபாதை ஒன்றுதான். ஏர் இந்தியா விமானி பெரிய போயிங்கை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஓட்டினார். இந்தியன் ஏர்லைன்ஸ் விமானி ஏர்பஸ் 320-ஐச் சென்னைக்கும் மதுரைக்கும் டில்லிக்கும் ஓட்டினார்.

முன்னவர் சொன்னார்: “நாங்கள் கடல் கடந்து இரவெல்லாம் பறப்பவர்கள். பதினைந்து மணி நேரம் விமானத்தைக் காப்பவர்கள். இவர்கள் பஸ் ஓட்டுவது போல ஊருக்கு ஊர் நிறுத்துபவர்கள்.”

பின்னவர் சொன்னார்: “மேலே ஏறிய பிறகு விமானம் தானாகப் போகிறது. திறமை வேண்டியது இறக்குவதற்குத்தான். மழையிலும் மூடுபனியிலும் குட்டை ஓடுபாதைகளில் ஒரே நாளில் நாலு தடவை இறக்குகிறவர்கள் நாங்கள். இவர்கள் மாதத்துக்கு எத்தனை தடவை இறக்குகிறார்கள்?”

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டு வேலைகளும் கஷ்டமான வேலைகள். கஷ்டம் வேறு வேறு விதம். ஆனால் கஷ்டத்தைத் தராசில் வைத்து, ‘என் தட்டு தாழ்கிறது, ஆகவே நான் உயர்ந்தவன்’ என்று சொன்னால் என்ன ஆகும்? ரயில்வேத் தோழர்களுக்கு இது புதிதல்ல. மெயில் ஓட்டுகிற டிரைவர், கூட்ஸ் ஓட்டுகிற டிரைவர், யார்டில் வண்டி தள்ளுகிற ஷண்டர் என்று எத்தனை படிகள்! பாசஞ்சர் டிரைவருக்கு மெயில் டிரைவர் பெரியவர். வெள்ளைக்காரன் காலத்திலே நிறத்தைப் பார்த்தும் சம்பளம் வைத்தார்கள். இத்தனை படிகளையும் தாண்டித்தான் பொன்மலைத் தொழிலாளிகள் 1946-ல் ஒன்றாக நின்றார்கள். செப்டம்பர் 5-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தோழர்கள் உயிர் கொடுத்தார்கள். குண்டு யாரையும் ‘நீ எந்த கிரேடு?’ என்று கேட்கவில்லை.

பதினைந்து மாதத்துக்குள் இரண்டு போராட்டங்கள்

2011 ஏப்ரல் கடைசியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் வேலை நிறுத்தம் செய்தது. ஏர் இந்தியா விமானிகளுக்குச் சமமான சம்பளம் கொடு, நிர்வாகச் சீர்கேட்டை விசாரி என்பவை கோரிக்கைகள். சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. தலைவர்கள் டிஸ்மிஸ் செய்யப்பட்டார்கள். கோர்ட்டு உத்தரவு வந்தது. பத்து நாள் போராட்டத்தில் உள்நாட்டு விமானங்கள் முடங்கின. வெளிநாட்டு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. அதாவது, கம்பெனியின் ஒரு கை கட்டப்பட்டது, மறு கை வேலை செய்தது.

மறு வருஷம், 2012 மே மாதம், பழைய ஏர் இந்தியா விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டின் முறை வந்தது. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சியில் இரு பிரிவு விமானிகளுக்கும் பங்கு என்று நிர்வாகம் சொன்னது. “அந்த விமானத்துக்கு இணைப்புக்கு முன்பே ஆர்டர் கொடுத்தது எங்கள் ஏர் இந்தியா. அது எங்களுக்கே உரியது. அவர்கள் பிரிவில் கமாண்டர் பதவி சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. எங்கள் ஆள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். இந்தப் பயிற்சியையும் பங்கு போட்டால் எங்கள் இளைஞர் கதி என்ன?” என்று கேட்டார்கள். நானூறுக்கு மேற்பட்ட விமானிகள் வேலைக்குப் போகவில்லை. இம்முறை வெளிநாட்டு விமானங்கள் முடங்கின, உள்நாட்டு விமானங்கள் பறந்தன! 101 பேர் டிஸ்மிஸ் செய்யப்பட்டார்கள். சங்கத்தின் அங்கீகாரம் போயிற்று. 58 நாள் கழித்து, டில்லி உயர்நீதிமன்றத்தில் வாக்குறுதி கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே. முதல் போராட்டத்தின் கோரிக்கை ‘எங்களையும் அவர்களுக்குச் சமமாக நடத்து’. இரண்டாவது போராட்டத்தின் கோரிக்கை ‘அவர்களை எங்களுக்குச் சமமாக நடத்தாதே’. நிர்வாகத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா? போயிங் 787 இரு பிரிவாருக்குமே புது விமானம். யாரும் அதை ஓட்டிப் பழகியவரல்லர். அதன் உரிமைக்காகப் போராடிய 58 நாட்களில் ஒரு 787 கூட இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில்தான் முதல் விமானம் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு வடகலை, தென்கலை வழக்குகளைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. எந்த நாமம் என்று இரு தரப்பும் கோர்ட்டுப் படி ஏறினார்கள். வக்கீல் வீட்டுக்கு மாடி எழும்பியது.

பணிமூப்பு வெறும் கௌரவப் பிரச்னையா?

‘எல்லாம் அகம்பாவம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் அது தொழிற்சங்க அணுகுமுறை அல்ல. விமானிக்குப் பணிமூப்பு என்பது சோறு. பட்டியலில் அவருடைய இடத்தைப் பொறுத்துத்தான் தோளில் மூன்று பட்டையா நான்கு பட்டையா, எந்த விமானம், எந்த ஊரில் குடியிருப்பு, எப்போது லீவு, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியே போகிறவர் யார் என்பதெல்லாம் தீர்மானமாகின்றன. இருபது வருஷம் வேலை செய்தவரைப் பத்து வருஷக்காரருக்குக் கீழே ஒரே கையெழுத்தில் இறக்கினால் அவர் கொதிக்காமல் என்ன செய்வார்?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2001-ல் டி.டபிள்யூ.ஏ. என்ற கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விழுங்கியபோது, அதன் விமானப் பணிப்பெண்களைப் பட்டியலின் கடைசியில் ஒட்டினார்கள். ஆட்குறைப்பு வந்ததும் வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்தான். 2005-ல் யூ.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. பட்டியலை இணைக்க நடுவர் வைத்தார்கள். 2007-ல் வந்த அவருடைய தீர்ப்பில், ஆட்குறைப்பில் வெளியே இருந்த பதினேழு வருஷ சர்வீஸ்காரர் மறு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் கீழே போனார். கிழக்குப் பிரிவு விமானிகள் பொங்கி எழுந்து, பழைய சங்கத்தையே 2008-ல் ஓட்டுப் போட்டு வெளியேற்றிப் புதுச் சங்கம் அமைத்தார்கள். பலன்? ஒரே கம்பெனியில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு ஒப்பந்தங்கள் வருஷக்கணக்கில் நீடித்தன. கிழக்குப் பிரிவினர் 2013 வரை பழைய குறைந்த சம்பளத்திலேயே பறந்தார்கள். அவர்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் அந்த மனக்குறையே கம்பெனிக்குச் சம்பளச் சிக்கனமாக மாறியது.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு அங்கே 2007 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. விமானக் கம்பெனிகள் இணையும்போது பணிமூப்புப் பட்டியல்களை நியாயமாக இணைக்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்பது சட்டம். இணைப்பு நடந்த 2007-ல் நம் நாட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை. நாலு வருஷம் கழித்து, சண்டை வெடித்த பிறகு, நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் கமிட்டி போட்டார்கள். 2012 ஜனவரியில் அறிக்கை வந்தது. கல்யாணம் முடிந்து நாலு வருஷம் கழித்து ஜாதகம் பார்த்த கதை இது!

கடைசியில் நடந்தது என்ன?

இரு பிரிவாரும் எந்த விமானத்துக்காகச் சண்டை போட்டார்களோ அந்த விமானத்தோடு, அவர்களையும் சேர்த்துக் கம்பெனியையே சர்க்கார் விற்றுவிட்டது. 2021 அக்டோபரில் 18,000 கோடி ரூபாய்க்கு டாட்டா கம்பெனிக்கு முடிவாயிற்று. அதில் ரொக்கம் 2,700 கோடி. மீதி 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வது. மொத்தக் கடன் 61,562 கோடி; பாக்கி 46,262 கோடி மக்கள் தலையில். 2022 ஜனவரி 27-ல் சாவி கைமாறியது.

அதற்கு முன்பே, 2020-ல் கொரோனாவைச் சொல்லிச் சம்பளத்தை வெட்டியபோது, இந்த இரண்டு சங்கங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு மந்திரிக்கு எழுதின. 2023 ஏப்ரலில் புது முதலாளி புதுச் சம்பளத் திட்டத்தை நீட்டினார். நிச்சயப் பறப்புப் படி 70 மணி நேரத்திலிருந்து 40 மணியாகக் குறைந்தது. அப்போதும் இரண்டு சங்கங்களும் சேர்ந்தே எதிர்த்தன. ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட விமானிகள் ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆனால் கம்பெனியோ, தனக்கு அங்கீகரிக்கப்பட்ட சங்கம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது! 2007-ல் போட்டிருக்க வேண்டிய கூட்டுக் கையெழுத்து, கதவு சாத்திய பிறகு விழுந்தது.

சங்கிலி அதோடு நிற்கவில்லை. 2024-ல் விஸ்தாரா கம்பெனியை ஏர் இந்தியாவுடன் இணைக்க ஏற்பாடு நடந்தபோது, அதே 40 மணிக் கணக்கு விஸ்தாரா விமானிகளுக்கும் வந்தது. ஏப்ரலில் அவர்கள் குமுறியதில் ஏராளமான விமானங்கள் ரத்தாயின. மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் நோய் விடுப்பு எடுத்தார்கள். அங்கேயும் ஏர் ஏசியா இந்தியாவுடன் இணைப்பு. அங்கேயும் பாரபட்சம் என்ற புகார். 25 பேரை டிஸ்மிஸ் செய்தார்கள். டில்லியில் தலைமை லேபர் கமிஷனர் முன்னிலையில் பேசி அவர்களைத் திரும்ப எடுக்க வைத்தார்கள். ஒன்றாக நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது சிறு அத்தாட்சி.

திருச்சி வானத்தில் இரண்டரை மணி நேரம்

உயர்வு மனப்பான்மையால் சங்கம் மட்டுமா கெடுகிறது? பயணியின் உயிரும் போகிறது. 1977-ல் டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டார்கள். ‘எதிர் விமானம் விலகிவிட்டதா?’ என்று எஞ்சினியர் கேட்டார். மூத்த கேப்டன் காதில் ஏறவில்லை. 2010 மே மாதம் மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டார்கள். இறக்காமல் மீண்டும் மேலே கிளப்பிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் கமாண்டர் தொடர்ந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அதனால்தான் சின்னவர் துணிந்து சொல்லவும், பெரியவர் காது கொடுத்துக் கேட்கவும் உலகெங்கும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

நம் ஊரிலே நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைடிராலிக் கோளாறு. சுமார் 140 பயணிகள். வயிற்றுப் பிழைப்புக்காக வளைகுடா போகிற நம் ஜனங்கள். அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட வழியில்லை. சுற்றிச் சுற்றித்தான் எடையைக் குறைக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் சுற்றினார்கள். ஊரே மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. இரவு 8.15 வாக்கில் பத்திரமாக இறங்கியது.

அந்தக் கம்பெனியோடு ஏர் ஏசியா இந்தியா இணைந்து அன்றைக்குப் பத்தே நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்த இரண்டு விமானிகளும் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் என்று கீழே நின்ற ஒருவராவது கேட்டாரா? விமானி அறைக்குள் ஒருவர் கை மற்றவர் கைக்கு உதவுகிறது. அறையை விட்டு வெளியே வந்ததும் அந்தக் கைகளைப் பிரித்துவைப்பது எது? இரண்டு சம்பளப் பட்டியல், அதன்மேல் வளர்ந்த கர்வம்.

நாம் செய்ய வேண்டியது

நம் ஊரிலும் ஒரு இணைப்பு நடந்தது. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் தனி நகராட்சிகளாக இருந்து 1994-ல் திருச்சி மாநகராட்சியில் சேர்ந்தன. இன்றும் ஸ்ரீரங்கத்துக்காரர் காவிரிப் பாலம் தாண்டும்போது ‘திருச்சிக்குப் போய் வருகிறேன்’ என்றுதான் சொல்கிறார். சொல்லட்டும்; ஊர்ப்பற்று யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கூலி, அந்தப் பக்கம் ஒரு கூலி என்று வைத்தால் அப்போது ஊர்ப்பற்று சண்டையாக மாறும்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2020 ஏப்ரல் 1-ல் பத்து பொதுத்துறை பாங்குகளை நாலாக இணைத்தார்கள். நாம் அந்த இணைப்பை ஆதரிக்கவில்லை. ஆனால் இந்தியன் பாங்கு குமாஸ்தாவும் அலகாபாத் பாங்கு குமாஸ்தாவும் சம்பளத்துக்காக ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்கவில்லை. ஏன்? பாங்குக்கு ஒரு சம்பளம் என்ற நிலையை மாற்றி, 1966-லேயே தொழில் முழுவதுக்கும் இருதரப்பு ஒப்பந்தம் போட வைத்தார்கள் பாங்கு ஊழியர்கள். கூரையை மழைக்கு முன்பே வேய்ந்தார்கள். விமானிகளோ மழை கொட்டும்போது யார் ஓலை உசத்தி என்று வாதாடினார்கள்.

ஆகவே தோழர்களே, இணைப்பு என்ற பேச்சு எழுந்த அன்றே நாம் பிடிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். அதுவும் இரண்டில் உயர்ந்த சம்பளம். இரண்டாவது, பணிமூப்பை எப்படிக் கணக்கிடுவது என்று இரு சங்கங்களும் கூடி உட்கார்ந்து, நிர்வாகம் வாய் திறப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏற்கனவே இருக்கும் பதவியிலிருந்து யாரும் இறக்கப்படக் கூடாது. மூன்றாவது, ஒரு சங்கம் போராடும்போது மறு சங்கம் அதன் வேலையைச் செய்யக் கூடாது, கோரிக்கை பிடிக்காவிட்டாலும்கூட.

நாலாவதுதான் நம்மைச் சுடுகிற விஷயம். பெரிய விமானி சின்ன விமானியைப் பார்த்த பார்வைக்கும், நிரந்தரத் தொழிலாளி பக்கத்தில் நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளியைப் பார்க்கிற பார்வைக்கும் வித்தியாசம் என்ன? இருவர் கையிலும் அதே ஸ்பானர். ஒருவருக்குக் கேண்டீன் உண்டு, மற்றவருக்கு வாசல் திண்ணை. ‘அவன் காண்டிராக்ட் ஆள்தானே’ என்கிற வார்த்தை நம் சங்க அலுவலகத்திலேயே கேட்கிறது. நாளை நிரந்தர வேலைகளை ஒழித்து எல்லாவற்றையும் ஒப்பந்தமாக்கும்போது, துணைக்கு வரவேண்டிய ஆள் நாம் திண்ணையில் உட்கார வைத்த அந்த ஆள்தான்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளைக்குக் காவிரி என்று பெயர், மறு கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். பெயர் இரண்டு, தண்ணீர் ஒன்று. நடுவில் அணை கட்டி மதகைத் திறப்பவனும் மூடுபவனும் வேறு ஆள். அந்த மதகின் சாவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் தொழிற்சங்கத்தின் வேலை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் ஒரு காரியம் செய்துகொண்டு வாருங்கள். உங்கள் வேலைத் தலத்தில் ஒரே வேலைக்கு எத்தனை விதமான சம்பளம் இருக்கிறது, எத்தனை விதமான பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். நம் விவாதத்தை அங்கிருந்து தொடங்குவோம்.